இரண்டு வாரச் சுகாதாரத் தொண்டூழியம்: கம்போடியக் கிராமத்திற்குச் செல்லுமுன் ஒரு கேள்வி

உட்லண்ட்ஸ் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் டிசம்பர் விடுமுறையில் எங்கள் மாணவர் குழுவைச் சேர்ந்த 16 பேர், கம்போடியாவின் சியாம் ரியாப் மாநிலத்தில் உள்ள ஒரு கிராமத்திற்கு 14 நாள் சுகாதாரத் தொண்டூழியம் செய்யச் செல்லவிருக்கிறோம். ஆளுக்கு ஏறத்தாழ 1,300 வெள்ளி செலவாகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். அதில் ஒரு பகுதியை நிதி திரட்டியும் மீதியைக் கையிலிருந்தும் கொடுக்கிறோம். விமானச் சீட்டு இன்னும் வாங்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை கழுவவும் பல் துலக்கவும் சொல்லித்தருவது, 20 வீடுகளில் குடிநீருக்கு மணல் வடிகட்டி அமைத்துக் கொடுப்பது, கடைசி இரண்டு நாள் முதியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது ஆகிய மூன்றும்தான் எங்கள் திட்டம். எங்களில் இருவர் தாதிமைப் படிப்பில் முதல் ஆண்டு. மற்றவர்கள் பொறியியல், வணிகம், என்னைப்போல் அறிவியல்.

திட்டத்தைப் பற்றி வீட்டில் சொன்னபோது என் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க பார்த்துட்டு ரத்தக் கொதிப்பு அதிகமா இருக்குன்னு சொல்லிடுவீங்க. அப்புறம் அவங்க எங்கே போவாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் குழுக் கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டேன். "அருகிலிருக்கும் சுகாதார நிலையத்திற்குப் போகச் சொல்வோம்" என்றார்கள். அந்த நிலையம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, அங்கே மருந்து இருக்கிறதா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இத்தகைய பயணங்களில் சென்றவர்களோ மருத்துவத் துறையில் இருப்பவர்களோ இங்கே இருந்தால் தயவுசெய்து வழிகாட்டுங்கள். இரண்டு வாரத்தில் எங்களால் உண்மையாகவே ஏதாவது பயன் உண்டா? எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும்?

ஓய்வுபெற்ற தாதி, தோ பாயோ

உங்கள் பாட்டி கேட்டது மிகச் சரியான கேள்வி. அரசு மருத்துவமனையிலும் பலதுறை மருந்தகத்திலும் நீண்ட காலம் தாதியாகப் பணிபுரிந்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு மாணவர் குழுக்களுடன் துணைக்குச் சில முறை கம்போடியா சென்றிருக்கிறேன். அதனால் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

ஒரு கிராமத்தில் பௌத்த மடத்தின் கூடத்தில் பரிசோதனை முகாம் வைத்திருந்தோம். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி வெயிலில் நடந்து வந்து நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். வாயில் வெற்றிலை இருந்தது. ஒரு மாணவர் அவருடைய முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றிக் கருவியை இயக்கிவிட்டார். 190 என்று எண் வந்ததும் அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து மூதாட்டியும் பயந்துவிட்டார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு, சட்டைக் கையை விலக்கி, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும், அதற்கு முன் அரை மணி நேரம் காப்பியோ புகையிலையோ எடுத்திருக்கக் கூடாது என்பதும் அந்த மாணவருக்குச் சொல்லித்தரப்படவில்லை. நான் மறுபடி பார்த்தபோது எண் இறங்கியிருந்தாலும் 140/90 என்ற எல்லைக்கு நன்றாக மேலேதான் இருந்தது. ஒரே நாள் அளவை வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது என்பதுதான் முறை. இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். எங்களுக்கோ அடுத்த நாள் வேறு கிராமம். மாணவர் ஆங்கிலத்தில் "இரத்த அழுத்தம் அதிகம், மருத்துவரைப் பார்க்கவும்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மூதாட்டி அதை நான்காக மடித்து, க்ரோமா என்று அவர்கள் சொல்லும் கட்டம்போட்ட துண்டின் முனையில், பணத்தோடு சேர்த்து முடிந்துகொண்டார். அடுத்த ஆண்டு அதே ஊருக்குச் சென்றபோது அவர் எங்களை அடையாளம் கண்டு வந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். ஒரு மாத்திரைகூட அவர் கைக்கு வந்திருக்கவில்லை.

ஆகவே பரிசோதனையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் உங்களைச் செய்ய விடாத எதையும் அங்கே செய்யாதீர்கள். விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அதில் அடக்கம். குத்திய ஊசிகளை எங்கே போடுவீர்கள் என்று உங்கள் குழுவில் கேட்டுப்பாருங்கள். அந்த வட்டாரச் சுகாதார நிலையமே நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ ஒரு நாள் ஒதுக்கி, பின்தொடரவும் மருந்து கொடுக்கவும் ஏற்பாடு வைத்திருந்தால் அது வேறு. அப்போது பெயர் பதியவும் நாற்காலி போடவும் நீங்கள் உதவலாம். கம்போடியாவிலேயே மொபொட்சோ என்ற அமைப்பு நீரிழிவு நோயாளிகளுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் தங்கள் ஊரில் உள்ள மற்ற நோயாளிகளுக்கு வழிகாட்டும்படி செய்துவருகிறது. அவர்கள் ஊரைவிட்டுப் போவதில்லை என்பதால் மாத்திரை தீர்ந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாடு எப்போதும் இப்படி இருந்ததாக இளையவர்கள் நினைக்கிறார்கள். 1987 ஜனவரி வரை சிங்கப்பூரில் வாளிக் கழிவறைகள் இருந்தன. அந்த வாளிகளை ஏற்றிச்சென்ற லாரியின் வாடை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. 1920களின் இறுதியில் பிரிட்டனிலிருந்து இங்கு வந்த ஐடா சிம்மன்ஸ் என்ற பொதுச் சுகாதாரத் தாதி, கம்பங்கள் என்று நாம் சொல்லும் கிராமக் குடியிருப்புகளில் வீடுவீடாகத் தாய்சேய் நலப் பணியை அமைத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துவிட்டுப் போனார். பின்னாளில் 2013இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் உலகக் கழிவறை தினத்திற்கான தீர்மானத்தை முன்மொழிந்த நாடாகச் சிங்கப்பூர் நின்றதற்குப் பின்னால் இத்தனை ஆண்டு உழைப்பு உண்டு. புறப்படுவதற்கு முன் உங்கள் பாட்டியிடம் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கம்பத்து வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள்.

செங்காங் தந்தை

தாதி அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் என் கருத்து அதற்கு ஒரு படி மேலே போகிறது. 16 பேர், ஆளுக்கு 1,300 வெள்ளி என்றால் 20,800 வெள்ளி. அந்தத் தொகையை நம்பிக்கையான ஓர் அமைப்பு வழியாக அங்குள்ள சுகாதாரப் பணியாளர்களுக்கே அனுப்பிவிட்டால் எத்தனை மாதச் சம்பளமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் மகளும் இப்படி ஒரு பயணம் சென்று வந்தாள். அவள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள். பெரும்பாலானவற்றில் யாரோ ஒரு சிறு பிள்ளை அவள் மடியில். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அனுமதி கேட்டீர்களா என்று கேட்டேன், கேட்கவில்லை. நம் வீட்டுக் கீழ்த்தளத்திற்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து நம் பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினால் நாம் காவல்துறையை அழைப்போம். என் மகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; அவள் நல்ல மனத்தோடுதான் போனாள். அவளுக்கு முன்கூட்டியே சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித்தரவில்லை.

ஈசூன் பொறியாளர்

செங்காங் ஐயாவின் கணக்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்த 20 மணல் வடிகட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மாணவனாக இருந்தபோது அதே வேலையைத்தான் செய்தோம்.

1990களில் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் வீட்டு உபயோகத்திற்கென்று வடிவமைத்த வடிகட்டி அது. இடுப்புக்குச் சற்று மேல் வரை உயரமுள்ள சிமெண்ட் பெட்டி. உள்ளே அடியில் சரளை, மேலே சலித்துக் கழுவிய மணல். மணலின் மேல் எப்போதும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த ஈரத்தில், மணலின் மேற்பரப்பில், நுண்ணுயிர்கள் ஒரு மெல்லிய படலமாக வளரும். கிருமிகளை அழிப்பதில் பெரும்பங்கு அந்தப் படலத்திற்குத்தான். படலம் முழுமையாக வளர மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம். இதைப் படித்துவிட்டு உங்கள் பயணத் திட்டத்தைப் பாருங்கள். 14 நாளில், வடிகட்டி முழுதாக வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் சாங்கி விமான நிலையத்தில் இருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் 12ஆம் நாள் கிளம்பினோம். கடைசி மாலை ஊர்கூடி நடனம், கண்ணீர், குழுப்படம் எல்லாம் இருந்தது. ஒரு வடிகட்டியின் தண்ணீரைக்கூட நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை.

ஓராண்டுக்கு மேல் கழித்து, வேலையில் சேர்ந்த பிறகு, சொந்தச் செலவில் நானும் ஒரு நண்பரும் அந்தக் கிராமத்திற்குப் போனோம். முதல் வீட்டில் வடிகட்டியின் மேல்மூடி கோழித்தீவனத் தட்டாகியிருந்தது. இரண்டாவது வீட்டில் பார்த்ததுதான் என்னை மிகவும் உலுக்கியது. அந்த வீட்டு அக்கா வடிகட்டியை அன்றாடம் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்; எங்களைக் கண்டதும் ஒரு குவளை நீர் பிடித்துக் கொடுக்கப் போனார். வெளிக்குழாயின் முனையில் நீல நிறப் பிளாஸ்டிக் திருகுகுழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார். தண்ணீர் தானாக வழிந்து வீணாகிறதே என்று நினைத்துச் சந்தையில் வாங்கிப் பொருத்தியதாம். எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் தோன்றக்கூடிய நல்ல யோசனை அது. ஆனால் குழாயை மூடினால் மணலின் மேல் நிற்கும் நீர்மட்டம் உயர்ந்துவிடும். அடியிலுள்ள படலத்திற்கு உயிர்வளி எட்டாமல் அது செத்துவிடும். அவர் குடித்துக்கொண்டிருந்தது, மணலில் அரைகுறையாக வடிந்த குளத்து நீர். "வெளிக்குழாயில் எதையும் பொருத்தக் கூடாது" என்று நாங்கள் சொல்லியிருந்தோம்தான். ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்ப்பாளர் கெமர் மொழியில் வேகமாக வாசித்த முப்பது வரிகளில் அது ஒரு வரி. ஏன் கூடாது என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை.

அதே ஊரில் ஓரிடத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் சில வீடுகளில் வடிகட்டிகள் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன. விசாரித்தபோது, கிராமச் சுகாதாரத் தொண்டர் ஒருவர் அந்த வரிசையில் குடியிருப்பது தெரிந்தது. கம்போடியாவில் பெரும்பாலான கிராமங்களில் சுகாதார நிலையத்திற்கும் ஊருக்கும் பாலமாக இத்தகைய தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர் தண்ணீர் எடுக்கப் போகிறபோதெல்லாம் எட்டிப் பார்த்து, நீர் வரும் வேகம் குறைந்தால் மேல்மணலைக் கலக்கிவிடச் சொல்லி, வடித்த நீரை வாய் குறுகிய மூடிபோட்ட பாத்திரத்தில் பிடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு நாங்கள் ஒரு நன்றிகூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் பெயரே எங்கள் அறிக்கையில் இல்லை.

ஐயாவின் கணக்குக்கு வருகிறேன். அந்தப் பயணம் இல்லையென்றால் நான் நீர்த்துறைக்கு வந்திருக்க மாட்டேன். ஆனால் அது எனக்குக் கிடைத்த பயன். கிராமத்திற்குக் கிடைத்த பயனோடு அதைச் சேர்த்து ஒரே கணக்கில் எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். பணத்தை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாணவர்கள் திரட்டும் பணம் பெரும்பாலும் பயணத்தின் பெயரால்தான் வருகிறது. பயணம் இல்லையென்றால் பணமும் வராது. அதனால் நீங்கள் திரட்டுவதில் ஒரு பகுதியை, உங்களுக்குப் பின் ஆறு மாதம் வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் ஒருவருக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை பேருக்குச் சீட்டு வாங்க முடியும் என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம்: டிசம்பர் அங்கே நெல் அறுவடைக் காலம். நமக்கு விடுமுறை என்பதால் அவர்களுக்கும் ஓய்வு என்று எண்ணிவிட வேண்டாம். பெரியவர்கள் வயலில் இருக்கும்போது நீங்கள் யாருக்குச் சொல்லித்தருவீர்கள்?

சிராங்கூன் சாலை வாசகர்

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், அதாவது வெளிநாட்டு மாணவர்கள் வந்து இறங்கிய ஊரில் பிறந்தவனாக. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில், மழை குறைந்த கிராமம். இப்போது பதினைந்து ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஐரோப்பாவிலிருந்து ஒரு மாணவர் குழு வந்தது. கை கழுவுவதைப் பாட்டாகச் சொல்லித்தந்தார்கள்; இன்றும் மெட்டு நினைவிருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். சோப்பு குளிப்பதற்கே அளந்துதான் கிடைக்கும். பாட்டைப் பாடிவிட்டு, ஈரமில்லாத கையோடு சாப்பிட உட்கார்ந்தோம். அவர்கள் போன பிறகு என் அம்மா அவர்களைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஊரில் எல்லாரும் "நர்சம்மா" என்று கூப்பிட்ட கிராமச் சுகாதாரச் செவிலியரைப் பற்றி இன்றும் பேசுவார். என் தங்கை பிறந்தபோதும், எனக்கு வயிற்றுப்போக்கு வந்து கண் செருகிக் கிடந்தபோதும் வந்தவர் அவர்தான்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படி ஊருக்குள் போனது என்பதற்கு வங்காளதேசத்தைப் பாருங்கள். 1971இல் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதால், மருத்துவர் திலீப் மகாலனபீஸ் வாய்வழிக் கரைசலைப் பெரிய அளவில் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். மருந்து இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது அம்மாக்களின் கைக்குப் போக வேண்டுமே. வங்காளதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகளில், உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இவ்வளவுதான் பாடம். அந்த வீட்டு அடுப்படியில், அந்த வீட்டுப் பாத்திரத்தில், அம்மாவையே கலக்க வைத்தார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் வந்து அந்த அம்மாவிடம் கேட்பார். அவர் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் சொல்லித்தந்த பெண்ணுக்குச் சம்பளம். சொல்லித்தந்தேன் என்பதற்குக் கூலி கிடையாது.

தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்கள்தாம் வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தாதி அம்மா சொன்ன மூதாட்டிக்குத் தேவைப்பட்டது இப்படி மாத்திரையோடு திரும்பி வருகிற ஒருவர்.

இருந்தாலும் அந்த ஐரோப்பியக் குழுவில் ஓர் அக்கா இருந்தார். அவர் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் வரவில்லை. மூன்று நாள் நர்சம்மாவின் பின்னாலேயே நடந்து, எல்லா வீடுகளையும், எல்லாக் கிணறுகளையும், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கர்ப்பிணி என்று நர்சம்மா சொல்லச்சொல்லக் குறித்து, பெரிய தாளில் ஊர் வரைபடம் வரைந்து கொடுத்தார். எழுத்தெல்லாம் நர்சம்மாவின் கையெழுத்து. அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது. துணைச் சுகாதார நிலையத்தின் சுவரில், மஞ்சளேறி ஓரம் சுருண்ட பிறகும், அந்த வரைபடம் ஆண்டுக்கணக்கில் இருந்தது. நர்சம்மா பென்சிலால் திருத்திக்கொண்டே இருந்தார். பிறந்த வீடுகளில் ஒரு புள்ளி, இறந்த வீடுகளில் ஒரு சிறு கோடு.

வேதியியல் ஆசிரியை, ஜூரோங்

சுருக்கமாக ஒரு விஷயம். வடிகட்டி வைக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளத்திலிருந்தா, மழைநீரா, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தா? ஆழ்குழாய்க் கிணறு என்றால், அந்த நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளின் அளவு சோதிக்கப்பட்டதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கம்போடியாவில் மீகோங், பாசாக் ஆறுகளை ஒட்டிய கண்டால் மாநிலத்தில்தான் இந்தச் சிக்கல் கடுமையாக இருக்கிறது. உங்கள் மாநிலம் வேறு என்றாலும் கேட்டுவிடுவதில் தவறில்லை. ஆர்சனிக் கலந்த தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், வாடையோ சுவையோ இராது. சாதாரண மணல் வடிகட்டி அதை நம்பும்படி நீக்காது.

என் மாணவர்களுக்கு இதை வங்காளதேசத்தை வைத்துத்தான் சொல்வேன். குளத்து நீரால் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்த காலத்தில், 1970கள் முதல், சர்வதேச உதவியோடு குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் போடப்பட்டன. கிருமி இல்லாத நீர் கிடைத்தது உண்மை. ஆர்சனிக்கைச் சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை. 1993இல்தான் அந்த நாட்டுக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. அதற்குள் மக்களின் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துக் கரும்புள்ளிகள் வந்திருந்தன. பிறகு ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, கைப்பம்பின் வாய்க்குச் சிவப்பு அல்லது பச்சை வண்ணம் அடித்தார்கள்.

மாணவர்களால் ஒன்றும் ஆகாது என்றும் நான் சொல்லமாட்டேன். நேபாளத்தில் ஆர்சனிக்கை நீக்குவதற்கு, மணல் வடிகட்டியின் மேல்தட்டில் இரும்பு ஆணிகளைப் போட்டுத் துருப்பிடிக்க வைக்கும் கஞ்சன் வடிகட்டியை உருவாக்கியதில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் நேபாள அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, ஆண்டுதோறும் திரும்பத்திரும்பப் போய், சோதித்துத் திருத்தினார்கள். அதே வடிகட்டியைக் கண்டாலில் வைத்துப் பார்த்தபோது அங்குள்ள நிலத்தடி நீரில் போதிய அளவு ஆர்சனிக் நீங்கவில்லை. அந்த நீரில் பாஸ்பேட் அதிகம், இரும்பின் வேதியியலும் வேறு. ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கிறதா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தடுப்பூசிகளுக்குப் பயண மருந்தகத்திற்கு நான்கு முதல் ஆறு வாரத்திற்கு முன்பே செல்லுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் மாணவரைக் கிராமத்திற்குள் அழைத்துச் செல்லாதீர்கள். 2010இல் ஹைட்டிக்கு உதவப்போன ஐநா அமைதிப்படையின் முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்ததையும், அந்தப் பரவலின்போது ஐநா போதிய அளவு செய்யவில்லை என்று 2016இல் அதன் தலைமைச் செயலாளர் மன்னிப்புக் கேட்டதையும் உங்கள் குழுவுக்கு நினைவூட்டுங்கள்.

உட்லண்ட்ஸ் மாணவி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டுக் குழுக் கூட்டத்திற்கு எடுத்துச் சென்றேன். கூட்டம் எளிதாக இல்லை. பரிசோதனை முகாமுக்காகவே சேர்ந்த மூவர் விலகிவிட்டார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை, ஆனால் வருத்தம் இருக்கிறது. செங்காங் ஐயா எழுதியதைப் படித்தபோது பலரும் மௌனமாக இருந்தார்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

அங்குள்ள அமைப்பின் வழியாகச் சுகாதார நிலையத்தின் பொறுப்பாளரிடம் காணொளியில் பேசினோம். "உங்களுக்கு எங்களால் என்ன ஆக வேண்டும்?" என்று நாங்கள் கேட்டதும் அவர் சற்று நேரம் பதில் சொல்லாமல் இருந்தார். பிறகு, ஈசூன் அண்ணன் எழுதியதைப்போலவே, டிசம்பரில் ஊர் முழுவதும் வயலில் இருக்கும், வராதீர்கள் என்றார். அவருடைய கவலை டெங்கி. மே மாதத்தில் மழை தொடங்கியதும் காய்ச்சல் ஏறத் தொடங்கும். வீட்டுக்கு வீடு நீர் சேமிக்கும் பெரிய சிமெண்ட் குடுவைகள் இருக்கின்றன. கொசு முட்டையிடுவது பெரும்பாலும் அவற்றில்தான். எந்த வீட்டில் எத்தனை குடுவை, எவற்றில் கொசுப்புழு என்ற முழுக் கணக்கு எடுக்க அவரிடம் ஆள் இல்லை. கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன்களைச் சில குடுவைகளில் விட்டிருக்கிறார்கள். அந்த மீன்கள் இன்னும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டுமாம். இதைக் கேட்டதும் எங்களுக்கு உற்சாகமாகிவிட்டது. பூந்தொட்டித் தட்டைக் கவிழ்ப்பதும், தேங்கிய நீரில் டார்ச் அடித்துப் புழு தேடுவதும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம்.

எனவே டிசம்பர்ப் பயணத்தைக் கைவிட்டோம். மே மாதம் எட்டுப் பேர் மட்டும் செல்கிறோம். கிராமத் தொண்டர்கள் முன்னே செல்ல, நாங்கள் உடன் சென்று எண்ணிப் பதிவோம். பதிவேடு சுகாதார நிலையத்திடமே இருக்கும். புதிய வடிகட்டிகள் வேண்டாம், முன்பு வேறு குழு வைத்துவிட்டுப் போனவையே பழுதாகிக் கிடக்கின்றன என்று பொறுப்பாளர் சொன்னார். மிச்சமாகும் பணத்தில், அவற்றைச் சரிசெய்து ஆறு மாதம் தொடர்ந்து பார்த்துவருவதற்கு ஒரு தொண்டருக்கு மாதந்தோறும் தொகை கொடுக்கிறோம். கண்காணிப்பு முடிந்ததும் நவம்பரில் இருவர் மீண்டும் போய்ப் பார்த்து வர வேண்டும் என்பதையும் இப்போதே செலவுக் கணக்கில் எழுதிவிட்டோம். ஆசிரியை கேட்ட ஆர்சனிக் கேள்வியை அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

வாரம் இரண்டு மாலை கெமர் மொழி கற்கிறோம். கிராமத்திற்கு அவர்கள் சொல் "பூம்", நம் பூமிதான். பள்ளி "சாலா ரியன்", மருத்துவர் "க்ரூ பெட்". குருவும் வைத்தியரும் அதற்குள் இருக்கிறார்கள். எண்களில் ஆறு என்பதற்கு "ஐந்து-ஒன்று" என்கிறார்கள், ஏழு "ஐந்து-இரண்டு". பாட்டியும் என்னோடு உட்கார்ந்து சொல்லிப்பார்க்கிறார்.

கணக்கெடுப்புப் படிவத்தின் முதல் வரைவை நாங்கள் எழுதி, அங்குள்ள தொண்டர் ஒருவரிடம் பார்க்கச் சொல்லி அனுப்பினோம். பெரும்பாலானவற்றை அப்படியே விட்டிருந்தார். "குடுவைக்கு மூடி இருக்கிறதா?" என்ற கேள்வியை மட்டும் அடித்துவிட்டு, "நீங்கள் வாசலுக்கு வந்தபோது மூடி குடுவையின் மேல் இருந்ததா?" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.